பழைய சரக்குந்தின் அளவிகளைப் புதிய பொறியுடன் பொருத்துதல்

பழைய சரக்குந்தின் அளவிகளைப் புதிய பொறியுடன் பொருத்துதல் என்பது, பழமையான சரக்குந்து ஒன்றின் மூலப் பொறியை நீக்கிப் பிற்காலப் பொறியை அமைக்கும்போது, முகப்புப் பலகையில் உள்ள பழைய அளவிகள் சரியான அளவைக் காட்டுமாறு செய்யும் பணியாகும். ஐக்கிய அமெரிக்காவில் இது பரவலாக நடைபெறுகிறது. செவ்ரோலெட் நிறுவனம் 1947 முதல் 1955 இன் முற்பகுதி வரை தயாரித்த அட்வான்ஸ் டிசைன் வகைப் பிக்கப் சரக்குந்துகளில் ஜெனரல் மோட்டார்சின் எல்எஸ் வகை வி8 பொறியை அமைப்பது இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. எல்எஸ் பொறி 1997 ஆம் ஆண்டு மாதிரி கோர்வெட் மகிழுந்தில் அறிமுகமானது.

அளவியும் உணரியும்

அளவியும் அதன் உணரியும் ஒரே இணையாக வடிவமைக்கப்படுபவை. முள் காட்டுவது வெப்பநிலையையோ அழுத்தத்தையோ நேரடியாக அன்று; உணரி தரும் மின்தடையை அல்லது விசையையே அது காட்டுகிறது. எனவே பழைய அளவியுடன் புதிய பொறியின் உணரியை இணைத்தால் முள் அசையும், ஆனால் பொய் சொல்லும். அசையாத முள்ளைவிட இது ஆபத்தானது. ஓட்டுநர் அதை நம்பிவிடுவார்.

எல்எஸ் பொறியின் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தனியே ஒரு வெப்பநிலை உணரி உண்டு. அதன் கம்பியில் பழைய மின் அளவி எதையும் இணைத்தல் கூடாது. இணைத்தால் கணினி பெறும் அளவும் மாறி, எரிபொருள் கலவை பிழைபடும். அளவிக்கு வேறொரு துளையில் அதற்குரிய உணரியை அமைப்பதே முறையாகும்.

வெப்பநிலைமானி

அட்வான்ஸ் டிசைன் சரக்குந்துகளில் வெப்பநிலைமானி மின்சாரத்தால் இயங்குவதன்று. பொறியில் செருகப்படும் குமிழில் உள்ள நீர்மம் சூடாகும்போது உண்டாகும் ஆவியழுத்தம், நுண்குழாய் வழியே சென்று முள்ளை நகர்த்துகிறது. நுண்குழாயை வெட்டினால் நீர்மம் வெளியேறி அளவி செயலிழந்துவிடும். எனவே அதை நீட்டவோ குறுக்கவோ இயலாது.

எல்எஸ் பொறியின் உருளைத் தலையில் உள்ள உணரித் துளை 12 மில்லிமீட்டர் திருகுடையது. பழைய குமிழ் அதற்குள் நுழையாது. ஆகவே குளிர்நீர்க் குழாயின் இடையில் ஓர் இணைப்பியைப் பொருத்தி அதில் குமிழை வைப்பர். அவ்விடத்தில் நீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தேங்கும் கிளைக்குழாயில் வைத்தால், பொறி கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் குளிர்ச்சியையே காட்டும். புதிய பொறியின் தெர்மோஸ்டாட் பழையதைவிட உயர்ந்த வெப்பநிலையில் திறப்பதால், முள் முன்பைவிடச் சற்று மேலே நிற்பது இயல்பே.

எண்ணெய் அழுத்தமானி

இதுவும் குழாய் வழியே நேரடியாக இயங்குவதே. 216 கன அங்குல ஆறு உருளைப் பொறி, தாங்கிகள் சிலவற்றுக்கு எண்ணெயைத் தெறிக்கவிட்டே மசகிட்டது. அதற்கு உயர்ந்த அழுத்தம் தேவைப்படவில்லை. ஆகையால் அதன் அளவுகோல் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவிலேயே முடிந்தது. எல்எஸ் பொறி ஓடும்போது அழுத்தம் எளிதில் 40 பவுண்டைத் தாண்டும். முள் எல்லையில் முட்டி நிற்பதோடு, உள்ளிருக்கும் வளைகுழாயும் நிலையாக உருக்குலையலாம். அதன்பின் அழுத்தம் குறைந்தாலும் அளவி அதைச் சரியாகக் காட்டாது. முகப்பை மாற்றாமல், 60 பவுண்டு அளவுகோலுடைய அளவியை அவ்விடத்தில் பொருத்துவது நல்ல தீர்வு.

எரிபொருள் அளவி

இவ்வளவி மின்சாரத்தால் இயங்குகிறது. அக்காலச் செவ்ரோலெட் உணரி தொட்டி வெறுமையாக இருக்கையில் 0 ஓம், நிறைந்திருக்கையில் 30 ஓம் தரும். 1965 முதல் நிறைதொட்டி அளவு 90 ஓம் ஆனது. ஃபோர்டு வாகனங்களில் முறை தலைகீழ்: வெறுந்தொட்டிக்கு 73 ஓம், நிறைதொட்டிக்கு ஏறத்தாழ 10 ஓம். ஃபோர்டு உணரியைப் பழைய செவ்ரோலெட் அளவியுடன் இணைத்தால், வெறுந்தொட்டியே நிறைந்ததாகத் தோன்றும். தொட்டிக்குள் உள்ள மின்விசைக்குழாயை எரிபொருளே குளிர்விப்பதால், தொட்டி வற்றினால் வண்டி நிற்பதோடு விசைக்குழாயும் கெடும்.

மூலச் சரக்குந்தின் மின்னழுத்தம் 6 வோல்ட்டு; புதிய பொறிக்கு 12 வோல்ட்டு தேவை. ஆகவே அளவிக்கு மட்டும் மின்னழுத்தக் குறைப்பி ஒன்று அமைக்கப்படும். உணரிக் கம்பியைக் கழற்றி, 0 மற்றும் 30 ஓம் மின்தடையங்களை இணைத்துப் பார்த்தால் அளவியின் நிலை உடனே தெரியும்.

மின்னோட்டமானி

கவனம் மிகத் தேவைப்படும் இடம் இதுவே. பழைய அமைப்பில் மின்னேற்ற மின்னோட்டம் முழுவதும் முகப்புப் பலகை வழியே சென்று திரும்பியது. அம்மானி சில பத்து ஆம்பியர்களுக்கே வடிவமைக்கப்பட்டது. தற்கால ஆல்ட்டர்னேட்டர்கள் 100 ஆம்பியருக்கும் மேல் தரவல்லவை. அதே கம்பிகளை விட்டுவைத்தால் இணைப்புகள் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். எனவே ஆல்ட்டர்னேட்டரிலிருந்து மின்கலத்துக்கு உருகியுடன் கூடிய தடித்த கம்பி தனியே இடப்படும். அம்மானி முகப்பில் அழகுக்காக நிற்கும், அல்லது அதன் உள்ளுறுப்பு வோல்ட்டுமானியாக மாற்றப்படும்.

வேகமானி

அமெரிக்க வேகமானிகளின் சுழல்வடம் பொதுவாக ஒரு மைலுக்கு 1,000 முறை சுழலும். மணிக்கு 60 மைல் வேகத்தில் அது நிமிடத்துக்கு 1,000 சுற்றாகும். எல்எஸ் பொறியுடன் வரும் பல பற்சக்கரப் பெட்டிகளில் வடம் பொருத்த இடமில்லை. அவை மின்துடிப்புகளையே தருகின்றன. அத்துடிப்புகளை எண்ணிச் சிறு மின்னோடியால் பழைய வடத்தைச் சுழற்றும் பெட்டிகள் விற்பனைக்கு உள்ளன. சக்கர அளவு மாறியிருந்தால் அதையும் அப்பெட்டியிலேயே திருத்தலாம். செய்மதி இடங்காட்டியின் வேகத்துடன் ஒப்பிட்டால் போதும். மைல்மானியும் அதே வடத்தால் இயங்குவதால் அதுவும் சேர்ந்தே சரியாகிவிடும்.