பனிமலை திருப்பித் தந்த நகைப்பெட்டி

பாறை ஏறப் பழகுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடங்களில் ஒன்று, "மோதிரத்தைக் கழற்றி வை" என்பது. பாறை வெடிப்புக்குள் விரலை நுழைத்துப் பிடிக்கும்போது மோதிரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துக் கால் வழுக்கினால் உடம்பின் பாரம் முழுவதும் அந்த ஒரு விரலில் இறங்கும். தோலும் சதையும் உரிந்து வந்துவிடும். விரலையே இழந்தவர்களும் உண்டு.

சரி, கழற்றியாகிவிட்டது. எங்கே வைப்பது? சட்டைப்பையில் போடுகிறார்கள், கைக்குத் தூள் பூசிக்கொள்ளும் சிறு பையில் போடுகிறார்கள், இடுப்பு வாரில் தொங்கும் வளையத்தில் கோத்துக்கொள்கிறார்கள். தொலைவது அங்கேதான். கழற்றாமல் பனிமலை ஏறுகிறவர்களுக்கு வேறு தொல்லை. குளிரில் விரல் சுருங்கும். அடிவாரத்தில் இறுக்கமாக இருந்த மோதிரம், மேலே போய்க் கையுறையை உருவும்போது அதோடு சேர்ந்து வந்துவிடும். தங்கம் கனமான பொருள். பனியிலோ சரளையிலோ விழுந்தால் மேலாகக் கிடக்காது.

சகுந்தலையின் மோதிரத்தை மீன் கொண்டுவந்து சேர்த்தது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆல்ப்ஸ் மலையில் மீனின் வேலையைப் பனியாறு செய்கிறது. கதை இல்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

என் வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு மோன் பிளான் என்ற பெயர் மனப்பாடம். வெள்ளை மலை என்று அர்த்தம். உயரம் 4,807 மீட்டர் என்று பூகோளப் புத்தகத்தில் இருக்கும். வேதபுரீசுவரர் கோயில் கோபுரத்துக்கு மேல் ஓர் உயரத்தைப் பார்த்திராத பையன்கள் நாங்கள், அந்த எண்ணை ஒப்பிப்போம். அதன் அடிவாரத்தில் இருக்கும் ஊர் ஷாமோனி. உச்சிப் பக்கத்திலிருந்து அந்தப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கி வருவது போசோன் பனியாறு.

பனியாறு என்றால் உறைந்து நிற்கும் பனி என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். உண்மையில் அது நகர்கிறது. மேலே விழும் பனி ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காக அழுந்திக் கட்டியாகிறது. அந்தக் கட்டி தன் பாரத்தாலேயே சரிவில் மெல்ல இறங்குகிறது. கீழே வெப்பமான இடத்துக்கு வந்ததும் உருகி ஓடுகிறது. ஆகவே மேலே ஒரு பிளவுக்குள் எது விழுந்தாலும் அது அங்கேயே இருப்பதில்லை. பனியோடு பயணம் செய்து என்றைக்கோ ஒரு நாள் கீழே வெளிப்படும்.

இதை உலகம் தெளிவாகக் கண்டது 1861-ல். அதற்கு 41 ஆண்டுகளுக்கு முன், 1820 ஆகஸ்ட் 20 அன்று, ரஷ்யாவைச் சேர்ந்த ஹாமெல் என்ற அறிஞர் இரண்டு ஆங்கிலேயர்களோடும் ஷாமோனி வழிகாட்டிகளோடும் மோன் பிளான் ஏறினார். வானிலை சரியில்லை, திரும்பிவிடலாம் என்பது வழிகாட்டிகளின் எண்ணம். ஆனாலும் போனார்கள். பனிச்சரிவு வந்து மூன்று வழிகாட்டிகளைப் பிளவுக்குள் தள்ளிவிட்டது. உடல்களை எடுக்க முடியவில்லை.

ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஷாமோனியின் பனியாறுகள் நகரும் வேகத்தை அளந்து பார்த்தவர். விபத்து நடந்து சுமார் 40 ஆண்டுகள் ஆகும்போது அவர்கள் கீழே வெளிப்படுவார்கள் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அப்படியே நடந்தது. 1861 ஆகஸ்டில் போசோன் பனியாற்றின் அடிப்பகுதியில் எலும்புகள், துணிகள், ஒரு தொப்பி, ஒரு திசைகாட்டி, வழிக்கு எடுத்துப்போன சமைத்த ஆட்டுத்தொடை எல்லாம் வெளியே வந்தன. அந்த விபத்தில் தப்பிப் பிழைத்த குத்தே என்ற வழிகாட்டி அப்போது எழுபது வயதைத் தாண்டியிருந்தார். இளவயதில் தன்னோடு புறப்பட்டு வந்து தொலைந்துபோன தோழர்களின் பொருள்களை, அவர்கள் போன வயதிலேயே, அந்தக் கிழவர் பார்த்தார்.

மலை எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 1865 ஜூலை 14 அன்று மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக ஏறி முடித்துத் திரும்பும் வழியில் கயிறு அறுந்து நான்கு பேர் விழுந்தார்கள். மூவரின் உடல்கள் கிடைத்தன. பிரான்சிஸ் டக்ளஸ் என்ற பதினெட்டு வயதுப் பிரபு குடும்பத்துப் பிள்ளையின் உடல் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. கையுறைகள், இடுப்பு வார், ஒரு காலணி ஆகியவைதான் அகப்பட்டன. அறுந்த கயிற்றின் துண்டை ட்செர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

இனி நம் நாட்டோடு சம்பந்தப்பட்ட பகுதிக்கு வருகிறேன்.

1950 நவம்பர் 3 அன்று ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' விமானம் பம்பாயிலிருந்து லண்டன் போகும் வழியில் மோன் பிளான் உச்சிக்குச் சற்றுக் கீழே மோதியது. உள்ளே இருந்த 48 பேரும் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் பிரிட்டனில் கப்பலில் வேலைக்குச் சேரப் போய்க்கொண்டிருந்த இந்தியக் கப்பல் தொழிலாளர்கள். கடலை நம்பிப் பிழைத்தவர்களுக்குப் பனிமலையில் சாவு. குளிரிலும் புயலிலும் ஷாமோனி ஆட்கள் தேடிப் போனார்கள். ரெனே பயோ என்ற வழிகாட்டி அந்த முயற்சியிலேயே உயிரை விட்டார். முன்பின் தெரியாத இந்தியர்களைத் தேடிப் போய் இறந்தவர் என்று அவர் பெயரை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்த விபத்தை வைத்து ஆன்றி த்ருவாயா என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1952-ல் ஒரு நாவல் எழுதினார். 'துக்கம் காக்கும் பனி' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மாணவனாக இருந்தபோது நூலகத்தில் எடுத்துப் படித்தேன். மலைக்கிராமத்தில் இரண்டு சகோதரர்கள். விழுந்து கிடக்கும் விமானத்தில் செத்தவர்களின் பணத்தையும் நகையையும் எடுத்துவரலாம் என்று தம்பி துடிக்கிறான். அண்ணன் பழைய வழிகாட்டி, வெகுளி. தம்பிமேல் உள்ள பாசத்தால் கூடப் போகிறான். மேலே போனபின் அண்ணன் மனம் ஒரு பக்கம், தம்பியின் பேராசை ஒரு பக்கம் என்று கதை போகிறது. பின்னால் இது ஆங்கிலப் படமாகவும் வந்தது.

நாவலில் எழுப்பிய கேள்வி அறுபது ஆண்டுகள் கழித்து நிஜத்தில் ஒருவர் முன்னால் வந்து நின்றது.

அதற்குள் இரண்டாவது விபத்தும் நடந்திருந்தது. 1966 ஜனவரி நம் தலைமுறைக்கு மறக்காது. 11-ந் தேதி தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்தார். 24-ந் தேதி இந்திரா காந்தி பிரதமராகப் பதவி ஏற்றார். அதே 24-ந் தேதி ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' என்ற போயிங் விமானம், முன்பு மலபார் பிரின்சஸ் மோதிய பகுதிக்கு அருகிலேயே மோதியது. 117 பேர் இறந்தார்கள். அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் அவர்களில் ஒருவர். மோன் பிளானைத் தாண்டிவிட்டோம் என்று விமானி நினைத்துக் கீழே இறங்கினார், உண்மையில் தாண்டியிருக்கவில்லை என்பது விசாரணையின் முடிவு. மேலே மிஞ்சியதில் பெரும்பகுதியைப் பனி மூடிக்கொண்டது.

பிறகு பனியாறு தன் வேலையைச் செய்தது. 2012-ல் ஒரு தூதரகத் தபால் பை வெளிப்பட்டது. இந்திய வெளியுறவுத் துறையின் முத்திரை அதில் தெரிந்தது. உள்ளே ஏதோ பெரிய ரகசியம் இருக்கும் என்று உலகப் பத்திரிகைகள் எதிர்பார்த்தன. இருந்தவை பழைய செய்தித்தாள்களும் நாட்காட்டியும் கடிதங்களும்தான். 2020-ல் பனியாற்றின் அருகே உணவுக்கடை நடத்தும் ஒருவர், 1966 ஜனவரியின் இந்தியப் பத்திரிகைகளைக் கண்டெடுத்தார். இந்தியாவுக்கு முதல் பெண் பிரதமர் என்ற தலைப்பைக் காகிதத்தில் அப்படியே படிக்க முடிந்ததாம். நம் வீட்டுப் பரணில் ஐந்து மழைக்காலம் தாங்காத காகிதம், பனிக்குள் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் தாங்கியிருக்கிறது.

இவற்றுக்கு நடுவில், 2013-ல், பனியாற்றில் நடந்துகொண்டிருந்த ஓர் இளம் மலையேறியின் கண்ணில் ஓர் உலோகப் பெட்டி பட்டது. திறந்து பார்த்தால் சிறு சிறு பொட்டலங்கள். அவற்றுக்குள் மரகதம், மாணிக்கம், நீலம். சிலவற்றின்மேல் இந்தியத் தயாரிப்பு என்று எழுதியிருந்தது. கஞ்சன்ஜங்காவிலிருந்து வந்ததாக இருக்கும் என்று கருதினார்கள்.

சுற்றிலும் சாட்சி இல்லை. கல்லில் யார் பெயரும் எழுதியிருக்காது. பையில் போட்டுக்கொண்டு இறங்கியிருந்தால் கேட்பாரில்லை. அவர் நேராக பூர்-சேன்-மொரீஸ் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போய் ஒப்படைத்துவிட்டார். செத்துப்போன யாரோ ஒருவருடைய பொருள் இது என்று உணர்ந்து அந்தப் பையன் நடந்துகொண்டான் என்பது அங்குள்ள அதிகாரியின் பாராட்டு.

இதன் பிறகுதான் என்னைப் போன்ற பழைய எழுத்தருக்குப் பிடித்த பகுதி வருகிறது. பெட்டி யாருக்குச் சொந்தம்? உரியவரோ வாரிசோ ருசுவோடு வந்தால் அவருக்கு. வராவிட்டால்?

பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 716-வது விதி புதையலைப் பற்றியது. மறைந்தோ புதைந்தோ கிடந்து, யாரும் உரிமையை நிரூபிக்க முடியாமல், தற்செயலாகக் கண்டெடுக்கப்படுவதுதான் புதையல். அடுத்தவர் நிலத்தில் கிடைத்தால் கண்டெடுத்தவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. நம் நாட்டில் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய உடைமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இரண்டு சட்டங்களும் பங்கைப் பிரிப்பதில்தான் வேறுபடுகின்றன. உரியவரைத் தேடிப் பார்த்த பிறகே பங்கு என்பதில் இரண்டும் ஒன்று.

எட்டு ஆண்டுகள் போயின. உரியவர் யார் என்று தீரவில்லை. 2021 டிசம்பரில் கற்களை இரண்டு சம பங்காகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 1,50,000 யூரோ பெறும். ஒன்று கண்டெடுத்தவருக்கு, மற்றொன்று பனியாறு இருக்கும் ஷாமோனி நகரசபைக்கு. நகரின் பங்கு அங்குள்ள படிக அருங்காட்சியகத்துக்குப் போனது.

எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்தக் கல்லையெல்லாம் பொட்டலம் கட்டி அனுப்பின வீட்டுக்காரங்க இந்தியாவுல எங்கேயாவது இருப்பாங்கல்ல? அவங்களுக்கு என்ன பங்கு?"

நியாயமான கேள்வி. சட்டத்தில் பதில் இருக்கிறது, மனசுக்குப் பதில் இல்லை. ருசு இல்லாத உரிமை கோப்பில் ஏறாது. ஆனால் பெட்டியைக் கண்டவர் மறைத்திருந்தால் அந்த வீட்டுக்காரர்களைத் தேடிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம்கூட யாருக்கும் வந்திருக்காது. எட்டு ஆண்டுகள் அந்தக் கதவு திறந்திருந்தது, ஒருவர் பெட்டியை ஒப்படைத்ததால்தான். த்ருவாயா நாவலில் வரும் தம்பி மேலே ஏறியது செத்தவர்களிடம் எடுக்க. இந்த இளைஞர் கீழே இறங்கியது செத்தவர்களுடையதைக் கொடுக்க. மலை ஒன்றுதான், பனி ஒன்றுதான்.

பூமி சூடாவதால் இப்போது ஆல்ப்ஸ் பனி முன்னைவிட வேகமாக உருகுகிறது. ஸ்விட்சர்லாந்தில் 1942-ல் மாடுகளைப் பார்க்கப் போய்க் காணாமல்போன ஒரு கணவன் மனைவி, 75 ஆண்டுகள் கழித்து 2017-ல் பனியில் கிடைத்தார்கள். ஏழு பிள்ளைகளில் அப்போது உயிரோடு இருந்த ஒரு மகளுக்கு வயது 79. இன்னும் எத்தனையோ மோதிரங்களும் கைக்கடிகாரங்களும் கடிதங்களும் வழியில் வந்துகொண்டிருக்கும். நல்ல கையில் கிடைக்கவேண்டும், அவ்வளவுதான்.

நம் வாசகர்களில் பலருடைய பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது ஷாமோனி பக்கம் போக வாய்த்தால் அந்த அருங்காட்சியகத்தையும் எட்டிப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் அங்கே பாறை ஏறப் பழகுகிறார்கள் என்றால், நாம் போட்ட மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.