ஒடியல் கூழ்

ஒடியல் கூழ் என்பது இலங்கையின் வட பகுதியில், சிறப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனை அண்டியுள்ள தீவுகளிலும் ஆக்கப்படும் ஒரு மரபுவழி உணவாகும். பனங்கிழங்கிலிருந்து பெறப்படும் ஒடியல் மாவுடன் மீன், நண்டு, இறால் முதலிய கடலுணவுகளையும் மரக்கறிகளையும் சேர்த்து இது காய்ச்சப்படுகின்றது. பெரிய பானையில் ஆக்கி, பலர் ஒன்றாகக் கூடியிருந்து சூட்டோடு குடிப்பது வழக்கம். இதனால் இது உணவகங்களுக்கு உரிய உணவாக வளராமல் வீட்டு முற்றத்து உணவாகவே இருந்து வந்துள்ளது. யாழ்ப்பாணத்துக்கு வரும் வெளியூர்ப் பயணிகள் பலர் இதனைச் சுவைக்காமலே திரும்புவதற்கும் இதுவே முதன்மையான காரணமாகும்.

பின்னணி

யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகள் இல்லாத, சுண்ணாம்புக்கல் நிலம். நெற்செய்கை பெரும்பாலும் மழையை நம்பியே நடைபெறுகின்றது. அதே வேளை, வறட்சியைத் தாங்கும் பனை இங்கு செழித்து வளர்கின்றது. குடாநாட்டைச் சூழ்ந்துள்ள ஆழம் குறைந்த கடலிலும் கடனீரேரிகளிலும் மீன், நண்டு, இறால் ஆகியன கிடைக்கின்றன. அரிசி குறைந்த இடத்தில் பனையும் கடலும் தருவனவற்றைக் கொண்டு வயிறு நிறைய உண்ணும் வழியாக இக் கூழைக் கருதலாம்.

இன்று வழக்கிலுள்ள கூழில் இன்றியமையாதனவாகக் கருதப்படும் மிளகாயும் மரவள்ளிக்கிழங்கும் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. இவை ஐரோப்பியரின் வருகைக்குப் பின்னரே இப்பகுதிக்கு வந்தன. ஆகவே, கூழ் பழமையான உணவாயினும் அதன் இன்றைய வடிவம் 16 ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

ஒடியல்

பனம்பழத்தின் விதைகளை மண்ணைக் குவித்து அமைத்த பாத்திகளில் அடுக்கி மூடிவிடுவர். சில மாதங்களின் பின்னர் ஒவ்வொரு விதையிலிருந்தும் கீழ்நோக்கி ஒரு கிழங்கு வளர்ந்திருக்கும். இதுவே பனங்கிழங்கு. இதிலிருந்து இரண்டு உலர் பொருட்கள் பெறப்படுகின்றன.

* ஒடியல் - பச்சைக் கிழங்கைத் தோல் நீக்கிக் கிழித்து வெயிலில் காயவைத்துப் பெறுவது.
* புழுக்கொடியல் - கிழங்கை அவித்த பின்னர் காயவைத்துப் பெறுவது. இது அப்படியே கடித்து உண்ணத்தக்கது.

கூழுக்குப் பயன்படுவது ஒடியலை இடித்து அல்லது திரித்துப் பெறும் மா ஆகும். இதே மாவில் ஒடியல் பிட்டும் அவிக்கப்படுகின்றது. நன்கு காய்ந்த ஒடியல் பல மாதங்களுக்குக் கெடாது என்பதால் பஞ்ச காலத்துக்கான சேமிப்பாகவும் இது விளங்கியது.

ஒடியல் மாவில் இயல்பாகவே ஒரு கைப்புச் சுவை உண்டு. மாவை நீரில் ஊறவிட்டு, அது அடியில் படிந்த பின்னர் மேல் நீரை வடித்து ஊற்றுவதன் மூலம் இது குறைக்கப்படுகின்றது. பதப்படுத்தாத மாவை எலிகளுக்கு உணவாகக் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வுகளில் நச்சு விளைவுகள் காணப்பட்டுள்ளன. எனவே ஊறவைத்து வடித்தலைச் சுவைக்காக மட்டும் செய்யப்படும் ஒன்றாகக் கொண்டு தவிர்த்துவிடுதல் நன்றன்று.

சேர்பொருட்கள்

* ஒடியல் மா
* மீன் (சிறு மீன்கள், பெரிய மீன்களின் தலை), நண்டு, இறால், கிடைத்தால் கணவாய்
* மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை
* முருங்கையிலை
* ஒரு கைப்பிடி அரிசி
* செத்தல் மிளகாய், மஞ்சள், உப்பு, பழப்புளி

8 முதல் 10 பேருக்கு ஏறத்தாழ அரைக் கிலோ மா போதுமானது. ஏனையவற்றின் அளவு அன்றைய சந்தையையும் வீட்டாரின் விருப்பத்தையும் பொறுத்தது. மரவள்ளிக்கிழங்கையும் இஞ்சியையும் சேர்த்து உண்ணலாகாது என்னும் நம்பிக்கை யாழ்ப்பாணத்தில் பரவலாக உள்ளது. கூழிலும் பொதுவாக இஞ்சி சேர்க்கப்படுவதில்லை.

செய்முறை

முதலில் பானையில் நீரைக் கொதிக்கவைத்து அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் ஆகியவற்றை அவிய விடுவர். இவை பாதி வெந்ததும் மீன், நண்டு, இறால் ஆகியன சேர்க்கப்படும். ஊறவைத்து வடித்த மாவுடன் அரைத்த மிளகாய், மஞ்சள், புளிக்கரைசல், உப்பு ஆகியவற்றைக் கலந்து, கட்டிபடாமல் கரைத்துப் பானையில் ஊற்றுவர். இதன் பின்னர் அடிப்பிடிக்காதபடி தொடர்ந்து துழாவிக்கொண்டிருத்தல் வேண்டும். மாவின் பச்சை மணம் நீங்கிக் கூழ் தடித்து வரும்போது முருங்கையிலையைச் சேர்த்து இறக்குவர். கூழ் ஆறும்போது மேலும் இறுகும் என்பதால் சற்று நீர்ப்பதமாக இருக்கும்போதே இறக்குவது நல்லது.

உண்ணும் முறை

பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் கூழை வார்த்துக் குடிப்பது மரபு. பலா இலையைக் கோலி, ஈர்க்கால் குத்திக் கரண்டிபோலப் பயன்படுத்துவதும் உண்டு. சிரட்டையும் பயன்படுவதுண்டு. உறைப்பைத் தணிக்கத் தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொள்வர். உறவினரும் அயலவரும் வட்டமாக அமர்ந்து, ஒரே பானையிலிருந்து மீண்டும் மீண்டும் வாங்கிக் குடிப்பர். நண்டு உடைப்பது, மீன்முள் எடுப்பது, இடையே கதை பேசுவது எல்லாம் சேர்ந்து இவ்வுணவு நெடுநேரம் நீடிக்கும்.

வேறுபாடுகள்

கடலுணவு சேர்க்காமல் மரக்கறிகளை மட்டும் கொண்டு காய்ச்சுவது சைவக் கூழ் எனப்படும். ஆடி மாதப் பிறப்பன்று ஆக்கப்படும் ஆடிக்கூழ் இதிலிருந்து முற்றிலும் வேறானது. அது அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யப்படும் இனிப்புக் கூழாகும்.

போர்க்காலமும் பின்னரும்

1990 ஆம் ஆண்டு முதல் வட பகுதிக்குப் பொருட்களை எடுத்துச் செல்வதில் கடுமையான கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. கோதுமை மாவும் பிற பொருட்களும் கிடைக்காதபோது ஒடியல் மா மீண்டும் முதன்மை பெற்றது. ஆயினும், அதே காலத்தில் கடற்றொழிலுக்கும் தடைகள் இருந்தன. காவலரண்களும் பதுங்குகுழிகளும் அமைப்பதற்காகப் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. கூழின் இரு ஆதாரங்களும் ஒருங்கே குறைந்த காலம் அது. போர் 2009 ஆம் ஆண்டு மே மாதம் முடிவடைந்தது.

போருக்குப் பின்னர் பாக்கு நீரிணைப் பகுதியில் இழுவைப் படகுகளால் மீன்வளம் அழிவதாக வட பகுதி மீனவர் முறையிட்டு வருகின்றனர். கடலின் அடித்தளத்தை வாரும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 ஆம் ஆண்டில் சட்டத்தால் தடை செய்தது. பனை சார்ந்த உற்பத்திகளை வளர்ப்பதற்காக 1978 ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது.

பயணிகளும் ஒடியல் கூழும்

ஏ-9 நெடுஞ்சாலை 2009 ஆம் ஆண்டின் இறுதியில் பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டதும், 2014 ஆம் ஆண்டு அக்டோபரில் யாழ்தேவி தொடர்வண்டி யாழ்ப்பாணத்தை மீண்டும் வந்தடைந்ததும் பயணிகளின் வருகையை எளிதாக்கின. எனினும், பெரும்பாலான உணவகங்களில் கிடைப்பவை சோறு, கறி, பிட்டு, இடியப்பம், கொத்துரொட்டி போன்றனவே. சில விடுதிகளும் உணவகங்களும் கூழை வழங்கினாலும், பலருக்கு ஒரே வேளையில் ஆக்கிச் சூட்டோடு பரிமாற வேண்டிய இவ்வுணவு தனியொருவருக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பதற்கு ஏற்றதன்று.

யாழ்ப்பாணத்தவர் ஒருவரின் வீட்டுக்கு அழைக்கப்படுவதே இதனைச் சுவைப்பதற்கான சிறந்த வழியாகும். முன்னதாகவே தெரிவித்தால்தான் மாவை ஊறவைக்கவும், காலையில் சந்தைக்குச் சென்று உடன் மீன் வாங்கவும் இயலும். புலம்பெயர்ந்து கனடா, ஐக்கிய இராச்சியம், பிரான்சு முதலிய நாடுகளில் வாழும் தமிழர் கடைகளில் பொதிகளில் கிடைக்கும் ஒடியல் மாவையும் உறைந்த கடலுணவையும் கொண்டு கூழ் காய்ச்சுகின்றனர். அங்கு பிளாவுக்குப் பதில் கிண்ணம் பயன்பட்டாலும், கூழுக்கு ஆட்களைக் கூட்டும் வழக்கம் தொடர்கின்றது.