ஒலிபெருக்கிப் பெட்டி: கைவினையிலிருந்து கணிப்புக்கு

1947ஆம் ஆண்டில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் டி. ரி. என். வில்லியம்சன் என்பார் ஒலி விரியலாக்கி ஒன்றின் சுற்று வரைபடத்தை வெளியிட்டார். வீட்டிலேயே ஒலிக்கருவி அமைக்கும் ஆர்வலர் பலர் அதனைப் பின்பற்றினர். உறுப்புகளின் பெறுமானங்கள் யாவும் எண்களாகத் தரப்பட்டிருந்தமையால், எந்நாட்டில் இருந்து அமைத்தாலும் ஏறத்தாழ ஒரே பயனைப் பெறலாம் என்ற நிலை தோன்றியது. ஆயின், அவ்விரியலாக்கியோடு இணைக்கவேண்டிய ஒலிபெருக்கியின் மரப்பெட்டியைப் பொறுத்தவரை இத்தகைய உறுதி எதுவும் இருக்கவில்லை. எத்தனை கன அடி, எங்கே துளை, எவ்வளவு அகலம் என்பனவெல்லாம் பழக்கத்தாலும் செவியாலும் தீர்மானிக்கப்பட்டன. விரியலாக்கி கணிப்புக்கு உட்பட்டுவிட்ட பின்னரும் பெட்டி நெடுங்காலம் கைவினையாகவே நின்றமைக்குக் காரணம் யாது?

பெட்டியின் தேவை எளிய பௌதிக உண்மையொன்றிலிருந்து எழுவதாகும். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருங்குகின்றது. அதே கணத்தில் பின்புறக் காற்று ஐதாகின்றது. இவ்விரு அலைகளும் ஒன்றையொன்று சந்திக்கும்போது தாழ்ந்த சுரங்கள் அழிந்துபோகின்றன. செக்கனுக்கு 40 அதிர்வுகளைக் கொண்ட ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீற்றராகும். இத்தகைய அலைகளைத் தட்டையான பலகையொன்றினால் பிரித்து வைப்பதாயின் அப்பலகை வீட்டுச் சுவரையே ஒத்த அளவினதாக வேண்டும். 1925இல் றைஸ், கெலொக் ஆகிய இருவரும் இன்றைய கூம்பு ஒலிபெருக்கியின் மூலவடிவத்தை விளக்கிக் கட்டுரை வெளியிட்ட காலத்திலிருந்தே இச்சிக்கல் உடன் இருந்து வந்துள்ளது.

பின்புற அலையை அடைத்து வீணாக்காது பயன்படுத்தும் வழியைக் கண்டவர் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த துராஸ் ஆவார். 1930இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1932இல் வழங்கப்பட்டது. பெட்டியிலே துளையொன்றை இட்டு, அத்துளையிலுள்ள காற்றுத் திணிவும் பெட்டிக்குள் அடைபட்ட காற்றின் மீள்தன்மையும் ஒரு குறித்த மீடிறனில் பரிவுறச் செய்வதே அவர் கண்ட வழி. வெற்றுப் போத்தலின் வாயில் ஊதும்போது எழும் ஒலியின் தத்துவமும் இதுவே. ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதனை ஆராய்ந்திருந்தார். எனவே தத்துவம் அறியப்படாததொன்றன்று. குறித்த ஓர் ஒலிபெருக்கிக்கு எப்பெட்டி, எத்துளை என்ற கேள்விக்கே விடை எளிதிற் கிட்டவில்லை. பெரிதாக வெட்டிய துளையைப் பலகைத் துண்டுகளால் சிறிது சிறிதாக அடைத்துச் செவிக்கு இனிமையானவிடத்து நிறுத்திக்கொள்வது வழக்கமாயிற்று.

இசைக்கருவியோடு ஒலிபெருக்கியை ஒப்புநோக்கிய மனப்பாங்கும் இத்தேக்கத்துக்கு ஒரு காரணம் எனலாம். வீணையின் குடமும் வயலினின் உடலும் அதிரவேண்டும். அவ்வதிர்விலேயே அவற்றின் நாதம் தங்கியுள்ளது. ஒலிபெருக்கிப் பெட்டியின் சுவர்களோ அதிரவே கூடாது. இதனை நன்குணர்ந்தவர்களுள் ஒருவர் யோர்க்ஷயரில் வார்வ்டேல் நிறுவனத்தை நடத்திய ஜி. ஏ. பிறிக்ஸ். இரு பலகைகளுக்கிடையே மணலை நிரப்பிச் சுவரமைக்கும் முறையை அவர் கையாண்டார். 1948இல் வெளிவந்த ‘லவுட்ஸ்பீக்கர்ஸ்’ என்னும் அவருடைய நூல் ஆர்வலர்க்குப் பெருந்துணையாயிற்று. எனினும் அவர் வழி பெரிதும் அனுபவ வழியே.

1954இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் வேறொரு திசையிற் சென்றார். கூம்பைத் தாங்கும் தொங்கல் மிக நெகிழ்வாக இருக்க, முற்றாக மூடிய சிறு பெட்டியிலுள்ள காற்றே வில்லாகத் தொழிற்பட்டுக் கூம்பை மீட்கவேண்டும் என்பது அவர் கருத்து. பொறிமுறைத் தொங்கலிலும் காற்று ஒழுங்கான வில்லாதலால் திரிபு குறைந்தது. அறையின் மூலையை நிரப்பிய பெரும் பெட்டிகளுக்குப் பதிலாக, தாங்கியொன்றின் மீது வைக்கத்தக்க பெட்டியிலிருந்து ஆழ்ந்த சுரம் எழுந்தது.

துளையுள்ள பெட்டியின் புதிருக்கு முழுமையான விடை அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கு ஈ. எம். ஐ. நிறுவனத்திற் பணியாற்றிய நெவில் தீல் என்னும் பொறியியலாளர், ஒலிபெருக்கியும் பெட்டியும் துளையும் சேர்ந்த முழுத் தொகுதியையும் ஒரு மின் வடிகட்டியாக நோக்கினார். திணிவை ஒரு மின்னுறுப்பாகவும் நெகிழ்வை இன்னொன்றாகவும் கொண்டால், வடிகட்டிக் கோட்பாட்டில் ஏலவே தீர்க்கப்பட்டிருந்த சமன்பாடுகள் மரப்பெட்டிக்கும் பொருந்தின. அவர் 28 பொருத்தங்களை அட்டவணைப்படுத்தினார். 1961இல் அவுஸ்திரேலிய வானொலிப் பொறியியலாளர் நிறுவனத்தின் ஏட்டில் இக்கட்டுரை வெளிவந்தது. அமெரிக்க ஒலிப் பொறியியற் சங்கத்தின் ஏடு அதனை மறுபிரசுரம் செய்ததோ 1971இல். கட்டுரையில் ஒரு குறையும் இருக்கவில்லை. அது அச்சாகிய இடமே அதன் குறையாயிற்று. அறிவுலகின் மையமெனக் கருதப்படும் நாடுகளின் ஏடுகளில் வராத ஆய்வு இவ்வாறு காத்திருக்க நேர்வதை ஏனைய துறைகளிலும் காணலாம்.

அவ்விடைக்காலத்தில் தீலின் பணியைத் தொடர்ந்தவர் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த றிச்சட் ஸ்மோல். 1972, 1973ஆம் ஆண்டுகளில் வெளியான அவருடைய கட்டுரைகள் இக்கோட்பாட்டை மூடிய பெட்டிக்கும் துளையிட்ட பெட்டிக்கும் பொதுவாக்கின. ஒலிபெருக்கியின் பரிவு மீடிறன், அதன் அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் ‘கியூ’ எண், தொங்கலின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் கனவளவு ஆகிய மூன்றும் தெரிந்தால் தாழ்சுரப் பெட்டியின் அளவு தானே வெளிப்படும். அவை முறையே செக்கனுக்கு 25 அதிர்வு, 0.4, 100 லீற்றர் எனக் கொள்வோம். மூடிய பெட்டியின் கனவளவால் 100ஐ வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் கண்டால், கியூவும் பரிவு மீடிறனும் அத்தனை மடங்கு உயரும். கியூ 0.7 அளவில் நிற்கவேண்டுமெனின் 47 லீற்றர்ப் பெட்டி தேவை. பரிவு 44 அதிர்வுக்கு உயர்ந்திருக்கும். அலைபிறப்பாக்கியும் வோல்ற்றுமானியும் உள்ள எவரும் இவ்வெண்களை வீட்டு மேசையிலேயே அளந்துகொள்ள முடிந்தது. வில்லியம்சனின் வரைபடம் விரியலாக்கிக்கு அளித்த உறுதி ஒரு தலைமுறை கழிந்து பெட்டிக்கும் கிடைத்தது.

கணிப்பு வந்ததும் அதன் எல்லையும் தெளிவாயிற்று. கே. எல். எச். நிறுவனத்தின் நிறுவுநருள் ஒருவரான ஹொவ்மன் எடுத்துக்காட்டிய விதியின்படி, திறன் குன்றாது எல்லை மீடிறனை அரைவாசியாக்க விரும்பினால் பெட்டி எட்டு மடங்கு பெருக்கவேண்டும். பெட்டியைப் பெருக்காவிடின் திறன் எட்டிலொன்றாகும். திரான்சிஸ்டர் விரியலாக்கிகள் வலுவை மலிவாக்கியமையாலேயே சிறு பெட்டிகள் பரவின. 1974இல் ‘ஏர்த்குவேக்’ திரைப்படம் பார்வையாளரின் இருக்கைகளையே அதிரச்செய்த பின்னர், தாழ்சுரத்துக்கெனத் தனிப்பெட்டி வைக்கும் ஆசை படிப்படியாக வீட்டுக்குள்ளும் புகுந்தது. மிகத் தாழ்ந்த சுரத்தின் திசையைச் செவி எளிதிற் பிரித்தறியாததால் அத்தனிப்பெட்டியாகிய சப்வூபரை அறையின் ஏதோவொரு மூலையில் ஒதுக்கிவைக்கவும் முடிந்தது.

இன்று கணினி நிரல்கள் தீலினதும் ஸ்மோலினதும் கணிப்புகளை நொடியிற் செய்துவிடுகின்றன. ஆயினும் தச்சனின் கை முற்றாக நீங்கிவிடவில்லை. துளையிட்ட பெட்டிகளில் ஏற்படும் இழப்புகளை ஆராய்ந்த ஸ்மோல், அவற்றுள் முதன்மையானது காற்றுக் கசிவே எனக் கண்டு, அதனையும் ஓர் எண்ணாகச் சமன்பாட்டினுள் சேர்த்தார். பலகையின் பொருத்துவாயில் பசை சரியாகப் பிடிக்காத ஒரு நூலளவு இடைவெளியும் அவ்வெண்ணைக் குறைத்துவிடும்.