மிருதங்கத்துக்குச் சோறு போட்டவங்க

காலேஜ் கல்ச்சுரல்ஸ் ஒத்திகை. நண்பன் ஒருத்தன் ஸ்னேர் டிரம்மைச் சுத்திச் சுத்தி சாவி போட்டுத் திருகிக்கிட்டிருந்தான். எதிரெதிர் திருகுகளை ஒரே அளவா இறுக்கணுமாம். "எந்த சுரம்டா வேணும்?"னு கேட்டேன். "சுரமா? சும்மா நறுக்குன்னு கேட்டா போதும்டா"ன்னான். செக்காலைக்காரனான எனக்கு அது ஒப்பவே இல்லை. எங்க ஊர்ப் பேரைச் சுமந்த காரைக்குடி மணி (1945–2023) வாசிச்ச மிருதங்கம், பாடகரோட சுருதியிலேயே பேசுமே! ரெண்டும் தோல்தானே, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

பதில் சொன்னவர் சர் சி.வி. ராமன். வெறும் வட்டத் தோலைத் தட்டினா அடிப்படை அதிர்வோட 1.59 மடங்கு, 2.14 மடங்குன்னு ஒட்டாத அதிர்வுகள் கூடவே கிளம்பும். காது எதைச் சுருதின்னு பிடிக்கும்? மிருதங்கத்தோட வலந்தலை நடுவுல கறுப்பா ஒரு வட்டம் இருக்கே, அந்தப் பாரம் அதிர்வுகளை ஏறக்குறைய 1, 2, 3, 4, 5னு வரிசையில நிறுத்திடுது. ராமன் இதை 1920-ல் சிவகாளி குமாரோட சேர்ந்து 'நேச்சர்' இதழ்லயும், 1934-ல் இன்னும் விரிவாவும் எழுதினார்.

அந்தக் கறுப்பு வட்டத்துக்குப் பேர் கரணை. சோறுன்னும் சொல்வாங்க. நிஜமாவே சோறுதான்! வெந்த சோத்தோட கிட்டான் கல்லுப் பொடியைப் பிசைஞ்சு, பூசி, கல்லால தேய்ச்சு, மறுபடி பூசி... நடுவுல தடிப்பா, ஓரத்துல மெலிசா. இதுதான் அசல் டியூனிங். மேடையில கல்லையும் கட்டையையும் வச்சு விளிம்புப் பின்னலை மேலேர்ந்து தட்டினா சுருதி ஏறும், கீழேர்ந்து தட்டினா இறங்கும். தொப்பிப் பக்கம் ரவையைப் பிசைஞ்சு ஒட்டினா கும்கி கிடைக்கும். ஆனா கரணை சரியில்லைன்னா எவ்வளவு தட்டியும் புண்ணியமில்லை.

சரி, 'ஏன்' தெரிஞ்சாச்சு. 'யாரு'?

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) பேர் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மிருதங்கம் செஞ்ச தஞ்சாவூர் பர்லாந்தைத் தெரியுமா? எனக்கும் தெரியாதுங்க, 2020-ல் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்யறவங்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதற வரைக்கும். மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல்னு கையாள்ற இந்தக் குடும்பங்கள்ல பல தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். சமன்பாடு எதுவும் இல்லாம, காதை மட்டும் நம்பி அதிர்வுகளை வரிசைப்படுத்தினவங்க. பொன்னாடை மட்டும் வாசிச்சவருக்கு.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து பக் சரிபண்ணி, மறுநாள் பாராட்டு மெயில்ல நம்ம பேர் இல்லைன்னா நமக்கு எப்படிப் பொத்துக்கிட்டு வருது? இது தலைமுறை தலைமுறையா!

அடுத்த கச்சேரியில வித்வான் டொக்கு டொக்குன்னு சுருதி சேர்க்கறப்ப கேன்டீனுக்கு ஓடிடாதீங்க. மேடையில இல்லாத இன்னொருத்தரோட காதும் அங்க வேலை செய்யுது.