ஐந்து பட்டனிலிருந்து இரண்டுக்கு

அமெரிக்காவின் பாலி மிட்வே நிறுவனம் 1983இல் ‘ஸ்பை ஹன்டர்’ என்ற ஆர்கேட் விளையாட்டை வெளியிட்டது. மேலிருந்து பார்ப்பது போன்ற சாலை, அதில் பறக்கும் ஒற்றனின் வெள்ளைக் கார், இடித்துத் தள்ள வரும் எதிரி வண்டிகள், இவற்றுக்கு நடுவே சுடக் கூடாத அப்பாவி வாகனங்கள். கையில் பிடிப்பது விமானி பிடிப்பதைப் போன்ற ஸ்டீயரிங். அதில் ஐந்து பட்டன்கள், பக்கத்தில் இரண்டு நிலை கியர், காலடியில் ஆக்சிலரேட்டர். அடுத்த சில ஆண்டுகளில் இந்த விளையாட்டு வீட்டுக் கன்சோல்களுக்கும் வந்தது. அப்படி வந்த பதிப்புகளை ‘மலிவு நகல்’ என்று ஒதுக்குவதே விளையாட்டு வரலாற்றில் வழக்கம். அந்த வழக்கம் தவறு என்பது என் வாதம். பெரிய இயந்திரத்தில் ஓடியதைச் சின்னப் பெட்டிக்குள் கொண்டுவந்தவர்கள், எதை விடலாம், எதை விட்டால் விளையாட்டே போய்விடும் என்று அடிக்கு அடி தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஒரு விளையாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அந்தத் தீர்மானங்களில்தான் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

அட்டாரி 2600ஐ எடுத்துக்கொள்வோம். 1977இல் சந்தைக்கு வந்த அந்தக் கன்சோலின் வேலை நினைவகம் 128 பைட். எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்குப் போட்டாலும் ஒரு நீண்ட வாக்கியத்தைக்கூட அது தாங்காது. ஜாய்ஸ்டிக்கில் இருந்தது ஒரே ஒரு சிவப்புப் பட்டன். இதற்கான ‘ஸ்பை ஹன்டர்’ கார்ட்ரிட்ஜை வெளியிட்ட சேகா, பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் தாங்கியையும் சேர்த்துக் கொடுத்தது. இரண்டு ஜாய்ஸ்டிக்குகளை அதில் பொருத்தி ஒரே கட்டுப்பாடாக இயக்க வேண்டும்: ஒன்றின் பட்டன் துப்பாக்கிக்கு, மற்றதன் பட்டன் பிற ஆயுதங்களுக்கு. படத்தின் அழகு, வண்டிகளின் நுணுக்கம் எல்லாம் தேய்ந்துபோக இசைந்த அந்தப் பதிப்பு, ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. முன்னால் சுடுவதும் பின்னால் எண்ணெய் கொட்டுவதும் வேறு வேறு பட்டனில் இருந்தாக வேண்டும். துரத்துபவனும் துரத்தப்படுபவனும் ஒரே ஆள் என்பதுதான் ‘ஸ்பை ஹன்டர்’. ஒற்றைப் பட்டனில் அது பாதியாகிவிடும். ஒரு பிளாஸ்டிக் துண்டை வார்த்துக் கொடுக்கும் செலவை ஏற்கும் அளவுக்கு இது முக்கியமாகப் பட்டிருக்கிறது.

நின்டெண்டோவின் என்.இ.எஸ். கன்சோலுக்கு சன்சாஃப்ட் 1987இல் கொடுத்த பதிப்பு வேறு வகைச் சிக்கலைச் சந்தித்தது. ஆர்கேட் பெட்டியில் திரை நெட்டுக்குத்தாக நின்றது; வீட்டு டிவியோ படுக்கைவாட்டில் அகன்றது. நெட்டுத் திரையில் காருக்கு முன்னால் நீண்ட சாலை தெரியும். அகலத் திரையில் அதே சாலை குட்டையாகிறது. எதிரே வருவதைக் கண்டு விலகக் கிடைக்கும் நேரமும் கூடவே குறைகிறது. பெடல் போன இடத்தில் திசைப் பட்டனின் மேல்முனை வந்தது. துப்பாக்கிக்கு ஒரு பட்டன், மற்ற ஆயுதங்களுக்கு ஒரு பட்டன். ஆனால் ஆயுத லாரி அப்படியே வந்து சேர்ந்தது. ஓடும் லாரியின் பின்பக்கச் சரிவில் காரை ஏற்றி, புதிய ஆயுதத்தோடு மீண்டும் சாலையில் இறங்கும் அந்தச் சில விநாடி நிம்மதி இல்லாவிட்டால், இது வெறும் சுடும் விளையாட்டு. தொடக்கத்தில் கடிகாரம் ஓடி முடியும்வரை எத்தனை கார் நொறுங்கினாலும் புதிய கார் கிடைக்கும் ஏற்பாடும் தங்கியது. காசு போட்ட புதியவர் அரை நிமிடத்தில் ஏமாந்து திரும்பக் கூடாது என்ற ஆர்கேட் கடையின் நியாயம் அது. வீட்டில் காசுத் துளை கிடையாது. ஆனாலும் அந்த ஏற்பாடு விளையாட்டைப் பழகிக்கொள்ளும் நேரமாக நிலைத்துவிட்டது.

எல்லா மாற்றங்களும் இவ்வளவு அக்கறையோடு நடந்தனவா என்று கேட்கலாம். இல்லை. 1982இல் அட்டாரி 2600க்கு வந்த ‘பேக்-மேன்’ அதற்குச் சாட்சி. மினுக்கி மினுக்கி மறையும் பேய்களைக் கண்டு, காசு கொடுத்து வாங்கியவர்கள் மனம் கசந்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதே கருவிக்கு அடுத்து வந்த ‘மிஸ் பேக்-மேன்’ பெரிதும் பாராட்டப்பட்டது. முதல் கார்ட்ரிட்ஜில் 4 கிலோபைட், இரண்டாவதில் 8. அந்தக் கூடுதல் இடத்தை ஒதுக்கியதும் ஒரு மனிதத் தீர்மானமே. ஆகவே ‘பேக்-மேன்’ சறுக்கியதை வைத்து இந்தத் தொழிலையே தள்ளிவிட முடியாது. மாற்றுபவரின் முடிவு எவ்வளவு கனமானது என்பதைத்தான் அந்தச் சறுக்கலும் சொல்கிறது.

மூலம் மூலம்தான், பிறகு வந்தது சமரசம் என்பது இன்னொரு மறுப்பு. மூலத்தின் கதையைப் பார்த்தால் இதுவும் நிற்கவில்லை. ‘ஸ்பை ஹன்டர்’ ஜேம்ஸ் பாண்ட் விளையாட்டாகத்தான் முதலில் எண்ணப்பட்டது. பாண்ட் இசைக்கு உரிமை கிடைக்காததால், ஹென்றி மான்சினி 1958இல் ‘பீட்டர் கன்’ தொலைக்காட்சித் தொடருக்கு அமைத்த இசை உள்ளே வந்தது. இன்று அந்த அடித்தாளம் இல்லாமல் இந்தச் சாலையை நினைக்கவே முடிவதில்லை. கிடைக்காததற்கு மாற்றாக வந்தது அடையாளமாகவே ஆனது. கைக்கு எட்டியதைக் கொண்டு நல்லதைச் செய்வது ஆர்கேட் அறையிலேயே நடந்த வேலை. கன்சோல் பதிப்பு அதன் தொடர்ச்சி.

இன்று ‘மேம்’ போன்ற மென்பொருள்கள் ஆர்கேட் மூலத்தையே கணினியில் ஓட்டிக் காட்டும்போது, பழைய கன்சோல் பதிப்புகள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மென்பொருள் படத்தையும் ஒலியையும் திருப்பித் தருகிறது. ஸ்டீயரிங்கையும் கியரையும் பெடலையும் தருவதில்லை. விசைப்பலகையின் முன் உட்காருபவர் அந்த ஐந்து பட்டன்களையும் எந்த விரலுக்குக் கொடுப்பது என்று தானே தீர்மானிக்க வேண்டும். துப்பாக்கி எந்தக் கைக்கு, எண்ணெய் எந்தக் கைக்கு? சேகாவின் பிளாஸ்டிக் தாங்கி பதில் சொல்ல முயன்ற கேள்வி இதுவேதான்.