குளத்தின் மேல் ஒரு தாவா

முன்சீப் கோர்ட்டில் நடக்கிற தாவாக்களில் எங்கள் சேரிக்குத் தெரிந்தவை இரண்டுதான். ஒன்று புரோநோட்டு தாவா. கைநாட்டு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவன் போடுவது. இன்னொன்று 'இஞ்சக்ஷன்'. பாகப்பிரிவினை தாவா எங்கள் பக்கம் வந்ததேயில்லை. பிரிக்க நிலம் இருந்தால்தானே! "இஞ்சக்ஷன் வாங்கிட்டாங்கடா, இனிமே அந்தப் பாதையில கால் வைக்க முடியாது" என்று அப்பா சொன்னபோது ஊசிதான் என் நினைவுக்கு வந்தது. உரிமை விளம்புகை, நிரந்தர உறுத்துக்கட்டளை என்கிற சட்டத் தமிழெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

இந்த இரண்டு பரிகாரங்களையும் ஒரே பிராதில் கேட்டு நம் மக்கள் மேல் போடப்பட்ட தாவா ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்து மகாத் ஊரின் சவுதார் குளத்தின் மேல் போடப்பட்டது அது. பிரதிவாதிகளில் ஒருவர் டாக்டர் அம்பேத்கர்.

பொதுக்குளங்கள் தீண்டப்படாதார்க்கும் திறக்கப்பட வேண்டும் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1924இல் மகாத் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் திறந்த குளத்தில் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் மக்களும் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். சாதி இந்துக்கள் அடித்தார்கள். பிறகு சாணமும் கோமியமும் கொட்டித் 'தீட்டு' கழித்தார்கள். நகராட்சியும் பல்டி அடித்துத் தன் தீர்மானத்தை ரத்து செய்தது.

அந்த டிசம்பரில் மறுபடியும் குளத்துக்குப் போவதென்று முடிவானது. தடியால் தடுக்க முடியாததைக் கோர்ட்டால் தடுக்கப் பார்த்தார்கள். டிசம்பர் 12 அன்று தாவா. "குளம் எங்களுக்குச் சொந்தம், பயன்படுத்தும் உரிமை எங்களுக்கு மட்டுமே என்று விளம்ப வேண்டும், இவர்களை நெருங்கவிடாமல் தடுக்க வேண்டும்" என்பது கோரிக்கை. 14ஆம் தேதியே இடைக்காலத் தடை கிடைத்துவிட்டது. டிசம்பர் 25 அன்று மகாத்தில் கூடியவர்கள் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள். ஆனால் கோர்ட்டு உத்தரவை மதித்துக் குளத்தில் இறங்கவில்லை. தடை வாங்க இரண்டே நாள். தாவா முடிய ஒன்பது வருஷத்துக்கு மேல்!

இடைக்காலத் தடை 1928 பிப்ரவரியில் நீங்கியது. 1931இல் தாவா தள்ளுபடி. 1933இல் தாணே அப்பீலும் தள்ளுபடி. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் ஐகோர்ட்டும் வாதிகளைத் தோற்கடித்தது.

ஜெயித்தோம், சரி. எதனால் ஜெயித்தோம்? தீண்டாமை அநியாயம் என்பதனால் அல்ல. நினைவுக்கெட்டாத காலந்தொட்டு விலக்கி வைத்திருந்தோம் என்கிற 'வழக்கத்தை' வாதிகளால் நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான். நிரூபித்திருந்தால்? நம் தாகத்தின் மேல் ஒரு டிகிரியே ஆகியிருக்கும். சிவில் கோர்ட்டின் கண்ணில் சாதிக்கொடுமை ஓர் அனுபோக பாத்தியதை. சாட்சி வைத்தால் சொத்து!

இந்தக் கதவை அடைத்தது 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். அதன் 13ஆம் பிரிவு, தீண்டாமையை நிலைநாட்டும் தாவாவை எந்த சிவில் கோர்ட்டும் ஏற்கக்கூடாது, அப்படிப்பட்ட வழக்கத்தை அங்கீகரிக்கவும் கூடாது என்கிறது. அந்தச் சட்டம்தான் 1976 திருத்தத்துக்குப் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் இருக்கிறது.

அதனால் இன்றைக்குப் பிராதில் எவனும் சாதியை எழுதுவதில்லை. "சுடுகாட்டுப் பாதை என் பட்டா நிலம்" என்றுதான் எழுதுகிறான். மகாத்தில் வாதிகள் சொன்ன 'எங்கள் சொத்து' இதுதானே? அன்று போலவே இன்றும், இடைக்காலத் தடைதான் அவனுக்கு வேண்டியது. பிணம் காத்திருக்குமா?

தோழர்களே, தாவா வரப்போகிறது என்று தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவில் கேவியட் போடுங்கள். 90 நாள் செல்லும். சர்வே நம்பரை எடுத்து, அது பட்டாவா, புறம்போக்கா என்று பாருங்கள். தெருவில் நிற்கிற நாம், கோர்ட்டில் முதல் வாய்தாவிலேயே நிற்க வேண்டும்.