தாளும் தாளாளரும்: தொழில்நுட்பக் கல்லூரியை நடத்துவது யார்?

1

கல்லூரிகளுக்கு வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சுவரைத்தான் எழுதுகிறார்கள். முதல்வர் அறைக்கு வெளியே வரிசையாக மாட்டிய படங்கள், கீழே பெயர், ஆண்டு. வெள்ளைக்கார மீசைகள் முடிந்து தலைப்பாகைகள், அதற்கப்புறம் கோட்டும் டையும். நூற்றாண்டு மலர், வைரவிழா மலர் எல்லாமே இந்தச் சுவரின் நகல்தான். சுவருக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், ஃபைல் அலமாரி, இரும்பு பீரோ. இதை யாரும் எழுதுவதில்லை. 'ஆபீஸ்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. ஆனால் கல்லூரியில் படித்தவரோ வேலை பார்த்தவரோ யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: "பிரின்சிபால் சரின்னுட்டார், ஆபீஸ்லதான் நிக்குது."

எங்கே நிற்கிறதோ அங்கேதான் அதிகாரம் இருக்கிறது என்பது பாலபாடம். தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி பற்றிய நம்முடைய அரசியல் பேச்சு முழுவதும் 'யாருக்கு எத்தனை இடம்' என்ற கேள்வியைச் சுற்றியே இருந்திருக்கிறது. அது நியாயமான கேள்வி. அதற்காக நடந்த போராட்டங்கள் இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் அந்தக் கட்டடங்களுக்குள் கால் வைத்திருக்க முடியாது. ஆனால் இடத்தை எண்ணிய நாம் ஆபீஸை எண்ணவில்லை. இடம் கேட்டு வாங்கிய காலத்திலேயே அந்த ஆபீஸ் கை மாறிப் போய்விட்டது. இதுதான் இக்கட்டுரையின் வாதம்.

2

1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளராகவும் நில அளவையாளராகவும் இருந்த மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியில் சென்னையில் ஓர் அளவைப் பள்ளி தொடங்கியது. மாணவர்கள் எட்டுப் பேர். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்வது இந்தப் பள்ளியைத்தான். இரண்டு வருஷம் முன்பு, 1792இல், திப்புவிடமிருந்து பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்கு வந்திருந்தன. வரி போட வேண்டுமென்றால் அளக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஆள் கொண்டுவந்து அளந்தால் கட்டுப்படியாகாது. குறைந்த கூலிக்கு அளக்கிற கைகள் வேண்டியிருந்தன. தெற்கே தொழில்நுட்பக் கல்வி பிறந்த கதை இவ்வளவுதான். அறிவுத் தாகம் என்பதெல்லாம் மலர் வெளியிடுகிறவர்கள் பிற்பாடு சேர்த்தது.

1859இல் அது சிவில் எஞ்சினியரிங் காலேஜ் ஆனது. 1920இல் கிண்டிக்குப் போனது. இயந்திரப் பொறியியல் அங்கே பாடமாக வந்தது 1894இல், அதாவது பள்ளி தொடங்கி நூறு வருஷம் கழித்து. அந்த நூறு வருஷமும் அங்கே தயாரானவர்கள் பெரும்பாலும் அளப்பதற்கும் பொதுப்பணித் துறைக்கும் போனார்கள். அந்தத் துறையின் படிநிலை அப்படியே வகுப்பறைக்குள் இறங்கியிருந்தது. எஞ்சினியர் வகுப்பு, அதற்குக் கீழே ஓவர்சீயர், அதற்கும் கீழே டிராப்ட்ஸ்மேன், சர்வேயர். ஒரே வளாகம், ஒரே கணக்கு, ஆனால் வேறு வேறு வாசல். மேல்படியில் நிற்பவன் கையால் எதையும் தொட வேண்டியதில்லை, கீழ்ப்படியில் நிற்பவன் கையெழுத்துப் போட முடியாது. நம் ஊருக்கு இது புதிய ஏற்பாடா? வெள்ளைக்காரன் கொண்டுவந்த படிக்கட்டு, ஏற்கெனவே இங்கிருந்த படிக்கட்டின் மேல் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்துகொண்டது.

பரீட்சையும் பதிவேடும் சேர்ந்து ஒரு மனிதனை ஒரு 'கேஸ்' ஆக்கிவிடுகின்றன என்று ஃபூக்கோ சொன்னார். இங்கே அந்தப் பதிவேட்டுக்குக் கூடுதலாக ஒரு வேலை. அது மனிதனைக் கட்டத்துக்குள் வைக்கிறது: பெயர், தகப்பன் பெயர், சாதி. அந்தக் கட்டங்களை யார் வரைகிறார்கள், யார் நிரப்புகிறார்கள், யார் கண்ணுக்கு அவை தெரிகின்றன என்பதில்தான் மிச்ச வரலாறு முழுதும் இருக்கிறது.

3

இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். இரண்டும் கிண்டியைச் சேர்ந்தவை.

முதலாவது 1940. கைக்குழந்தையோடு இளம் வயதிலேயே விதவையான ஏ. லலிதா பொறியியல் படிக்க விரும்பினார். அவருடைய தகப்பனார் பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார், பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டேதம் அனுமதி கொடுத்தார். கூடவே பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். மூவரும் படித்து முடித்தபோது, பட்டச் சான்றிதழில் 'அவன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லே அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இதைப் பெண்கல்வியின் வெற்றி என்று எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் கதவு எப்படித் திறந்தது என்று பார்க்க வேண்டாமா? விதி மாறித் திறக்கவில்லை. உள்ளே இருந்த ஒருவர் உள்ளே இருந்த இன்னொருவரிடம் பேசித் திறந்தது. கிண்டியில் அப்பா பேராசிரியராக இல்லாத பெண்ணுக்கு அந்தக் கதவைத் தட்டவே வழி இருந்ததா? அடித்தெழுதிய அந்தச் சொல்தான் உண்மையான ஆவணம். மனிதர்கள் சம்மதித்த பிறகும் படிவம் சம்மதிக்கவில்லை.

இரண்டாவது 1951. அப்போது சென்னை மாகாண அரசின் பொறியியல் கல்லூரிகள் நான்கு, இடங்கள் 395. வகுப்புவாரி அரசாணைப்படி தேர்வுக்குழு ஒவ்வொரு 14 இடத்தையும் இப்படி நிரப்பியது: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனங்கள் 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்த்து 1, முஸ்லிம்கள் 1. செண்பகம் துரைராஜன் வழக்கு என்றால் எல்லோருக்கும் மருத்துவக் கல்லூரிதான் ஞாபகம் வரும். கூடவே விசாரிக்கப்பட்ட சீனிவாசன் வழக்கு, கிண்டி பொறியியல் கல்லூரி இடத்துக்கானது. 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்து ஜூன் மாதத்தில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது, 15(4) பிறந்தது.

இந்தக் கதையை நாம் நூறு மேடைகளில் சொல்லியிருக்கிறோம். ஆனால் அதில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த 14இன் கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எண்ணிட்ட அரசாணை, அச்சடித்த விகிதம். பிடிக்காதவர் கோர்ட்டுக்குப் போகலாம், பிடித்தவர் தெருவுக்கு வரலாம். போராட ஒரு தாள் கையில் இருந்தது. அரசாங்க ஆபீஸில் ஆயிரம் அழுக்கு உண்டு. குமாஸ்தாவிலிருந்து செயலாளர் வரை அதைக் கட்டிக்காத்த சாதி எது என்பதும் தெரிந்த சங்கதி. இருந்தாலும் அந்த அழுக்கை ஒரு கேள்வி போட்டு, ஒரு வழக்குப் போட்டு வெளியே இழுக்க முடிந்தது.

4

தனியார் கல்லூரிகள் 1984இல் திடீரென்று முளைக்கவில்லை. 1949இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். 1951இல் கோவையில் பி.எஸ்.ஜி., 1952இல் காரைக்குடியில் அழகப்பா, 1957இல் மதுரையில் தியாகராசர். மில்லும் வியாபாரமும் ஈட்டிய பணம் அறக்கட்டளை வழியாகக் கல்லூரி ஆன காலம் அது. அதை வள்ளல்தன்மை என்று மட்டுமே எழுதிவிட முடியாது. மில்லுக்கு எஞ்சினியரும் தேவைப்பட்டார். ஆனாலும் அரசின் பணமும் விதியும் ஏதோ ஓர் அளவுக்கு உள்ளே வந்துபோயின.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984இல் இரண்டு காரியம் நடந்தது. நேர்முகத் தேர்வை எடுத்துவிட்டு நுழைவுத் தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் கதவு திறந்தது. முன்வாசலில் கம்ப்யூட்டர் வைத்து மதிப்பெண் எண்ணினார்கள். பின்வாசலில் நோட்டு எண்ணினார்கள். நன்கொடை வசூலைத் தடுக்க 1992இல் மாநிலச் சட்டம் வந்தது. 1993இல் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்தது, 2002இல் டி.எம்.ஏ. பாய் தீர்ப்பு அந்த ஏற்பாட்டைக் கலைத்தது. நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் போனது. இதற்கிடையே அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழிருந்த கல்லூரிகளின் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: தாளாளர். 1854இன் வுட் அறிக்கைக்குப் பின் மானியம் வாங்கிய பள்ளிகளில், துறையோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர்தான் 'கரஸ்பாண்டென்ட்'. வேலையைப் பார்த்தால் கடிதம் எழுதுகிறவர், அவ்வளவே. தமிழில் அவர் தாளாளர் ஆனார். தாள் என்றால் முயற்சி; தாள் என்றால் காகிதம்; ரூபாய் நோட்டும் தாள்தான். முதல் அர்த்தத்தைச் சொல்லி மேடையில் மாலை போடுவார்கள். ஆபீஸில் நடப்பது மற்ற இரண்டும். கடிதம் எழுதுகிறவர் கல்லூரியை ஆளுகிறவராக மாறிய இந்த இடப்பெயர்ச்சியைத் தனி வரலாறாகவே எழுதலாம். சட்டப்படி லாபம் பார்க்கக் கூடாது, ஆகவே அறக்கட்டளை. அப்பா சேர்மன், மகன் செக்ரட்டரி, மருமகள் தாளாளர். பிரின்சிபால்? அவரும் சம்பளத்துக்கு இருப்பவர்.

5

நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நான்கு ஆண்டு விரிவுரையாளனாக இருந்தேன். பெயர் வேண்டாம். சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை எல்லா ஒரிஜினல் சான்றிதழும் வாங்கி பீரோவில் வைத்துவிட்டார்கள். "எந்த ரூல் சார்?" என்று கேட்டேன். ஏ.ஓ. சிரித்துக்கொண்டே, "ரூல் இல்ல தம்பி, வழக்கம்" என்றார். இரண்டு சம்பளப் பட்டியல் இருந்தன. ஒன்று இன்ஸ்பெக்‌ஷனுக்கு, ஒன்று நிஜத்துக்கு. பேங்கில் விழுந்த சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்து, மாசா மாசம் ரொக்கமாக ஆபீஸில் திருப்பிக் கட்டினோம். மே மாதம் வந்தால் பாடம் கிடையாது; ஊர் ஊராகப் போய் 'அட்மிஷன் பிடிக்க' வேண்டும். ஆளுக்கு இத்தனை தலை என்று கணக்கு. இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதென்றால் எங்கிருந்தோ லாரியில் புத்தகம் வரும், முன்பின் பார்த்திராத பேராசிரியர்கள் வருவார்கள், சாயங்காலம் இரண்டும் போய்விடும்.

இரண்டு பட்டியலையும் டைப் அடித்தது ஒரே ஆள். தன் குடும்பத்தில் முதல் பட்டதாரியான ஒரு பெண். என் சம்பளத்தில் பாதிகூட அவருக்கு இல்லை. வீட்டுக்குப் போக ராத்திரி ஏழாகும். எங்கள் சான்றிதழ்களைப் பூட்டிய பீரோவின் சாவி அவரிடம்தான். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. வேறு வேலைக்கு மனுப்போட ஒரு நாள் மட்டும் சான்றிதழ் தரச்சொல்லிக் கேட்டபோது அவர் சொன்னார்: "சாவி என்கிட்ட இருக்கு சார். பீரோ அவங்களோடது." அலுவலக அதிகாரம் பற்றி நான் படித்த கோட்பாடுகள் எதுவும் இவ்வளவு துல்லியமாக இதைச் சொல்லவில்லை. சான்றிதழ் கடைசியில் கிடைத்தது, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிய பிறகு. ரசீது கிடையாது.

மாணவர் பக்கமும் இதே பீரோதான். 2012இல் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் தலித், பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. பெரிய காரியம். ஆனால் பணம் வரத் தாமதமானால் யார் கேள்வி கேட்கப்படுவது? நான் இருந்த கல்லூரியில் அரசாங்கத்தை யாரும் கேட்கவில்லை, மாணவனைத்தான் கேட்டார்கள். "ஸ்காலர்ஷிப் வந்ததும் ஹால் டிக்கெட் வாங்கிக்கோ." அரசாணையின் கை கவுன்சிலிங் மேஜை வரை நீண்டது, ஆபீஸ் ஜன்னல் வரை நீளவில்லை.

6

ஏன் நீளவில்லை? மூன்று காரணம் சொல்லலாம்.

ஒன்று, இடஒதுக்கீடு மாணவர் சேர்க்கையோடு நின்றது. சிறுபான்மையல்லாத சுயநிதிக் கல்லூரியில் 65 சதவீத இடத்தை அரசு நிரப்புகிறது. அங்கே பாடம் நடத்துகிறவரையும் கணக்கு எழுதுகிறவரையும் நியமிப்பதில் அந்த விகிதம் எதுவும் இல்லை. பிள்ளைகளின் வகுப்பறை மாறியது, ஆபீஸ் சொந்தபந்தத்தின் கையிலேயே இருந்தது.

இரண்டு, சட்டம் ஊழியர்களைப் பிரித்து வைத்தது. கல்வி நிலையமும் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் என்று 1978இல் பெங்களூர் குடிநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஆசிரியர் 'தொழிலாளி' அல்லர் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் சொன்னது. குமாஸ்தாவும் பஸ் டிரைவரும் லேப் அட்டெண்டரும் தொழிலாளர் ஆகலாம். விரிவுரையாளர் ஆக முடியாது. சட்டம் பிரித்ததைவிட மோசம் நாங்களே பிரிந்துகொண்டது. 'நாங்க டீச்சிங் ஸ்டாஃப்' என்ற அந்தத் தொனி, பழைய எஞ்சினியர்-ஓவர்சீயர் படிக்கட்டின் இன்றைய குரல்.

மூன்று, இடதுசாரிகளும் திராவிட இயக்கத்தாரும் தலித் இயக்கத்தாரும் கல்லூரியை நுழைவாயிலாகவே பார்த்தோம். அது ஒரு வேலைத்தலம் என்பதும், அங்கே சுரண்டல் நடக்கிறது என்பதும் நம் பேச்சில் வரவில்லை. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஊழியராகப் பதிவாகியிருந்தது. இப்படி நூற்றுக்கணக்கான பெயர்கள், இருநூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள். பல்கலைக்கழகமும் முறைகேட்டை ஒப்புக்கொண்டது. பத்திரிகைகள் 'போலிப் பேராசிரியர்கள்' என்று எழுதின. பேராசிரியர் போலி என்றால், அந்தப் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியவர், ஏற்றச் சொன்னவர், ஆய்வுக்கு வந்து கையெழுத்துப் போட்டவர் எல்லாம் அசலா? அவர்களைப் பற்றி எத்தனை வரி எழுதப்பட்டது?

தொழில்நுட்பக் கல்வியில் சமூகநீதி என்று இனி பேசுகிறவர்கள் பதிவேட்டையும் கேட்க வேண்டும். சம்பளப் பட்டியல் ஒன்றாக இருக்க வேண்டும், அதை ஊழியர்கள் பார்க்க முடிய வேண்டும். சான்றிதழ் அவரவர் வீட்டில் இருக்க வேண்டும். நியமனத்தில் விகிதம் வேண்டும். விரிவுரையாளரும் குமாஸ்தாவும் அட்டெண்டரும் டிரைவரும் ஒரே சங்கத்தில் உட்கார வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கஷ்டமானது. அதற்குக் கோர்ட்டுக்குப் போக முடியாது. டைப் அடிக்கிற பெண்ணின் நாற்காலி பக்கத்தில் விரிவுரையாளர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.